ஆரு மக்ளே செத்தது?

குளத்தங்கரையில் நின்று முதல்முதலாக பியூகிள் என்கிற பட்டாளத்து ஊதுகுழலை ஊதிய அன்று இன்னும் விடியவில்லை. எதிர்த் தோட்டத்தில் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் கத்தியும் கையுமாக ஓடி வந்தார். "ஆரு மக்ளே செத்தது?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கம் பியூகிள் சத்தம் கேட்பது, பட்டாளக்காரர் யாரையாவது மரியாதையோடு அடக்கம் செய்யும்போதுதான். அங்கே ஊதுவது லாஸ்ட் போஸ்ட். நான் ஊதியது ரிவேலி, தூங்குகிறவர்களை எழுப்புகிற அழைப்பு. என் வாசிப்பில் இரண்டும் ஒன்றுபோல இருந்ததுதான் சங்கடம்.

எனக்கு 43 வயது, தக்கலைப் பக்கம் வீடு. பதினைந்து வயதிலிருந்து சர்ச் பேண்டில் சைடு டிரம் அடிக்கிறேன். சப்பரப் பவனி, கல்யாணம், அடக்கம், எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். ஒரு ராத்திரி யூடியூபில், அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க்கில் பழங்காலப் படை உடுப்பில் பிள்ளைகள் கயிறு கட்டிய டிரம்மும் ஃபைஃப் என்கிற சின்னப் புல்லாங்குழலும் வாசித்துக்கொண்டு தெருவில் போவதைப் பார்த்தேன். 18-ஆம் நூற்றாண்டில் பல படைகளில் வீரனின் கோட்டு நிறத்தைத் தலைகீழாக்கித்தான் டிரம்மருக்குக் கொடுப்பார்களாம். துப்பாக்கிப் புகைக்குள் அதிகாரி அவனைச் சட்டென்று கண்டுபிடிக்க வேண்டுமே. இசைக்காரனைத் தேடி ஓடிவரும் அதிகாரி! எங்கள் பேண்டைத் தேடி வருவது சாப்பாட்டுப் பந்தி முடிந்ததைச் சொல்லத்தான்.

எங்கள் தெருவிலேயே மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வுபெற்ற பியூகிளர் ஒருவர் இருக்கிறார். பட்டாளத்து மாமா என்றுதான் கூப்பிடுவோம். இந்தப் பட்டாள வாசிப்பை எனக்கும் சொல்லித்தரும்படி போய்க் கேட்டேன். டிரம்மைக் கொண்டுவா என்றார். முப்பது வருஷ அனுபவத்தையும் இறக்கி ஒரு நிமிடம் அடித்துக் காட்டினேன். "லே, நீ பாட்டு அடிக்க. இது பாட்டில்ல, உத்தரவு. கூடாரத்தப் பிரின்னு அடிச்சா பிரிக்கணும். ஒன் அடியக் கேட்டா அவன் கல்யாணத்துக்குல்லா கெளம்புவான்."

அன்றோடு டிரம் பிடுங்கப்பட்டது. அதற்குப் பதில் ஒரு பலகையும், அதன்மேல் ஆணியடித்த நாலு ரப்பர் ஷீட்டும். எங்கள் மாவட்டத்தில் பயிற்சிப் பலகைக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை பாருங்கள். அதில் லாங் ரோல் மட்டும் மூன்று மாதம். ஒவ்வொரு கைக்கும் இரண்டு அடி. வெளிநாட்டுக்காரர்கள் 'மம்மி டாடி' என்று சொல்லிக் கற்பதை மாமா 'அம்ம அப்ப, அம்ம அப்ப' என்று ஆக்கிவிட்டார். மெதுவாக ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டி, அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி இரைச்சலாகும்வரை போய், பிறகு அதே மாதிரி இறங்கி வர வேண்டும். ஏறுவது சுலபம். இறங்கும்போதுதான் இடதுகையின் இரண்டாவது அடி காணாமல் போகும். முதல் அடி மணிக்கட்டு, இரண்டாவது குச்சி தானாகத் துள்ளுவது என்று நான் முப்பது வருஷமாக ஏமாற்றி வந்தது ரப்பர் ஷீட்டில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. ஷீட் பொய் சொல்லாது, புகைநாற்றம்தான் அடிக்கும்.

அப்புறம் நடை. 1792-இல் ஆங்கிலேயப் படைக்கு வகுத்த விதியில் சாதாரண நடை நிமிடத்துக்கு 75 காலடி, வேக நடை 108. குளத்தங்கரையில் மாமா முன்னால் நடக்க நான் 75-க்கு அடித்துக்கொண்டு பின்னால் போனேன். கை முந்திக்கொண்டே இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை, நின்றுவிடுவார், அவ்வளவுதான். நான் அவர் முதுகில் முட்டுவேன்.

பியூகிளில் வேறு மாதிரிச் சிக்கல். வால்வு கிடையாது, துளை கிடையாது. செம்புக் குழாயைச் சுருட்டி வைத்திருக்கிறது, உதடுதான் எல்லாம். அழைப்புகளுக்குப் பயன்படுவது ஐந்தே சுரம்: ச, ப, மேல் ச, மேல் க, அதற்கும் மேல் ப. ரி இல்லை, ம இல்லை, வளைவு இல்லை, குழைவு இல்லை. இந்த ஐந்தில்தான் எழுந்திரு, கூடு, சாப்பிட வா, விளக்கை அணை, எல்லாமே. கடைசிப் ப எனக்கு இன்றைக்கும் பத்தில் நாலு தடவைதான் கிடைக்கிறது. கன்னம் உப்பினால் மாமா விரலால் குத்துவார்.

ஃபைஃப் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் வாங்கியது ஊதும் துளைக்குப் பக்கத்தில் வெடிப்போடு வந்தது. விற்றவரிடம் கேட்டதற்கு, உங்கள் ஊர் ஈரம் சரியில்லை என்றார். மார்த்தாண்டத்தில் தேன்மெழுகு வாங்கி அடைத்தேன். விரலுக்கு ஆறு துளை, ஆனால் கீழ் ஸ்தாயி பக்கத்து ஆளுக்குக்கூடக் கேட்காது. மேல் ஸ்தாயிகளில் ஊதினால்தான் டிரம்மைத் தாண்டி எழும்பும். எனக்குத் தலை சுற்றுகிறது. மாமாவுக்கும் இது தெரியாது என்பதில் ஒரு சின்ன சந்தோஷம்.

இதையெல்லாம் படிக்கும்போது ஒரு விஷயம் கிடைத்தது. ராத்திரி அடிக்கும் ராணுவ டிரம் அழைப்பான 'டாட்டூ' என்ற சொல் 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது. ராத்திரி டிரம்மர் தெருவில் அடித்துக்கொண்டு போனால் சாராயக் கடைக்காரர் பீப்பாய்க் குழாயை மூட வேண்டும், 'டாப் டூ'. டச்சுக்காரர் என்றதும் எங்களுக்கு வேறு என்ன ஞாபகம் வரும்? டச்சுக் கம்பெனிப் படையில் வந்து, 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருடைய படைக்கே ஐரோப்பிய முறைப் பயிற்சி கொடுத்த டிலனாய் தூங்குவது புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்தான். 1777-இல் அடக்கம். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு விரலால் முழங்காலில் ஒரு டாட்டூ அடித்தேன். மான் பார்க்க வந்த ஒரு குடும்பம் என்னைச் சுற்றி வளைந்து போனது.

இப்போது கயிறு டிரம்மும் வந்துவிட்டது. செண்டைக்குத் தோல் மாற்றுகிறவர் ஒருவர் கன்றுத்தோல் போட்டுக் கொடுத்தார். பக்கவாட்டுக் கயிற்றில் தோல் காதுகள், கீழிறக்கினால் சுருதி ஏறும். ஆனால் ஜூன் பிறந்துவிட்டதே. காதுகளை அடிவரை இழுத்தாலும் 'தொப்பு தொப்பு' என்றுதான் பேசுகிறது. மழை விடாத ஒரு மத்தியானம், வீட்டுக்குப் பின்னால் உள்ள புகைப்புரையில், காயும் ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே வாசல் ஓரமாகத் தொங்கவிட்டேன். கால் மணி நேரத்தில் தட்டிப் பார்த்தால் 'டங்'.

அம்மா எட்டிப் பார்த்தாள். "அந்த நெத்திலியையும் கொண்டு தொங்கப்போடு, ஒரே வேலையா முடியட்டு" என்றாள்.