பனகல் பூங்காவில் ஒரு மனு

மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்புகள் வருவதற்கு முந்தைய ஆடி மாதம் அது. தள்ளுபடிக் கூட்டத்துக்குள் புகுந்த மனைவி, "பத்தே நிமிடம்" என்றாள். தியாகராய நகரில் பத்து நிமிடம் எவ்வளவு நீளும் என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும். இரண்டு பைகளோடு பனகல் பூங்காவுக்குள் போய், மர நிழலில் காலியாகக் கிடந்த பெஞ்சில் சாய்ந்தேன்.

சற்று நேரத்தில் நான்கு பெரியவர்கள் எதிரே வந்து நின்றார்கள். போகவும் இல்லை, பேசவும் இல்லை. குல்லாய் போட்டவர் கைத்தடியால் பெஞ்சின் காலை இரண்டு முறை தட்டினார். ஓரத்துக்கு நகர்ந்தேன்.

"தம்பி, நீங்கள் உட்கார்ந்திருப்பது ஏரிக்குள்."

பதறிப்போய்க் காலைத் தூக்கினேன். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் இந்த நகரையே உண்டாக்கினார்களாம். நீதிக்கட்சியின் பனகல் அரசர் 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் என்பது வரை வந்தபோது, இன்னொருவர் பாண்டி பஜாருக்குத் தாவினார். அந்தப் பாண்டி, பாண்டிச்சேரி அல்ல, சௌந்தரபாண்டியனார் என்று என்னைப் பார்த்து அதட்டினார். நான் மறுக்கவே இல்லை.

"உங்கள் கையெழுத்து எப்படி?"

"சுமாராக இருக்கும், ஐயா."

உடனே வெள்ளைத் தாள் நீண்டது. ஒருவருக்குக் கண் மங்கலாம், ஒருவருக்குக் கை நடுக்கமாம். குல்லாய்க்காரர் சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘கடைக்கு வரும் பெண்களின் கணவன்மார்கள் பைகளுடன் மணிக்கணக்கில் பெஞ்சுகளைப் பிடித்துக்கொள்வதால், மூத்த குடிமக்களாகிய நாங்கள்...’

பேனா நின்றது. பைகளைக் காலால் மெதுவாகப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன்.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்? ‘அவதியுறுகிறோம்’ என்று போடுங்கள். வல்லின று."

ஆகவே கூடுதலாக நான்கு பெஞ்சுகள் வேண்டும் என்று மனு முடிந்தது. எழுதியவரே போடாவிட்டால் எப்படி என்று முதல் கையெழுத்தையும் என்னிடமே வாங்கினார்கள். நடைப்பயிற்சிக்காரர்கள், வாசலில் சுண்டல் விற்றவர் என்று மொத்தம் 17 பேர்.

இரண்டு மணி நேரம் கழித்து மனைவி கூப்பிட்ட அவசரத்தில் பைகளை அள்ளிக்கொண்டு ஓடினேன். வீட்டில் பையைக் கவிழ்த்தபோது புடவையோடு மனுவும் விழுந்தது. அவள் கடைசி வரி வரை படித்தாள்.

"முதல் கையெழுத்து உங்களுடையதா?"

"ஆமாம்."

"அப்படியானால் அடுத்த சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். எனக்கும் இந்த ஜாக்கெட் துணியை மாற்ற வேண்டும். பத்தே நிமிடம்தான்."