எனக்குச் சொந்தமில்லாத புதருக்கு நான் கட்டும் பிரீமியம்

கடிதம் 2023 ஏப்ரலில் வந்தது. வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பிக்க மாட்டார்களாம். காரணம், காட்டுத்தீ அபாயம். கலிஃபோர்னியாவில் இதற்கு 75 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். தபாலில் ஒன்பது நாள் போயிருந்தது. விளம்பரம் என்று நினைத்து நான் ஒரு வாரம் பிரிக்காமல் போட்டுவைத்திருந்தேன். ஆக, கையில் இருந்தது 59 நாள். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து எது வந்தாலும் அன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

கடன் இல்லாத வீடு என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். கடன் இருந்தால், காப்பீடு அறுந்தால் வங்கி தானாக ஒன்றை எடுத்து நம் தலையில் கட்டும். விலையோ கொள்ளை, அதுவும் முதலில் காப்பாற்றுவது வங்கியின் பணத்தைத்தான்.

எங்கள் வீடு சியர்ரா நெவாடா மலையடிவாரத்தில், பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. வேலை வீட்டிலிருந்தே என்று ஆனதும் 2020இல் வாங்கினோம். "பின்னாடி அரசாங்கக் காடு, யாரும் வீடு கட்ட முடியாது" என்று ஏஜென்ட் சொன்ன அந்த ஒரு வரிக்காகவே கேட்ட விலையைக் கொடுத்தோம். மறு வருடம் ஆகஸ்டில் கால்டோர் தீ வந்து கிரிஸ்லி ஃப்ளாட்ஸ் ஊரின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டுப் போனது. எங்கள் கார் மேலெல்லாம் சாம்பல். அப்போதுகூட காப்பீட்டைப் பற்றி எனக்கு யோசனை ஓடவில்லை.

நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம், காரணத்தை எழுத்தில் கேட்டது. 2022 அக்டோபரில் வந்த மாநில விதிப்படி, நம் வீட்டுக்குப் போட்டிருக்கும் தீ அபாய மதிப்பெண்ணை நிறுவனம் சொல்லியாக வேண்டும். அதை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். மதிப்பெண்ணோடு வானத்திலிருந்து எடுத்த ஒரு படமும் வந்தது. அதில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டியிருந்த மன்சனிட்டா புதர் முழுக்க என் வேலிக்கு அந்தப் பக்கம்!

"அது என் நிலமே இல்லை" என்றேன் போனில்.

"யாருடைய நிலம் என்பது எங்கள் கணக்கில் வராதுங்க" என்றார் காப்பீட்டு நிறுவனத்தின் பெண்.

மாநிலச் சட்டம் வீட்டைச் சுற்றி 100 அடி சுத்தமாக வைக்கச் சொல்கிறது, ஆனால் நம் எல்லை வரைக்கும்தான். பின்சுவரிலிருந்து என் வேலி 42 அடி. மிச்சம் 58 அடி அரசாங்கத்துடையது. சரி, அனுமதி கேட்டு நானே வெட்டிவிடலாம் என்று ஒரு நாள் லீவு போட்டு, ஐம்பது நிமிடம் ஓட்டிக்கொண்டு நேஷனல் ஃபாரஸ்ட் அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் பெரிய வரைபடம் ஒன்றை விரித்து என் வீட்டைத் தேடினார். பச்சை நிறம் அவர்களுடையது. என் வீட்டுக்குப் பின்னால் இருந்தது மஞ்சள். மஞ்சள் என்றால் நில மேலாண்மைப் பணியகம். இரண்டும் நடுவண் அரசுதான், ஆனால் பச்சை விவசாயத் துறையின் கீழ், மஞ்சள் இன்டீரியர் துறையின் கீழ். மூன்று வருடமாக வந்த விருந்தாளிகளிடமெல்லாம் "எங்க வீட்டுப் பின்னாடி நேஷனல் ஃபாரஸ்ட்" என்று பீற்றிக்கொண்டது அத்தனையும் பொய். வீட்டைவிட்டுக் கிளம்புமுன் வரைபடத்தில் நிறத்தைப் பாருங்கள். இணையத்திலேயே கிடைக்கிறது.

மஞ்சள்காரர்களின் அலுவலகம் நேர் எதிர்த்திசையில், வேறு ஊரில். இன்னொரு லீவு. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "எல்லைக்கல் எங்கே இருக்கிறது?" என்னிடம் இருந்தது பழைய உரிமையாளர் போட்ட வேலி மட்டும். சர்வேயரைக் கூப்பிட்டால் ஆறு வாரம் கழித்து வருகிறேன் என்றார். "ராத்திரியோடு ராத்திரியா வெட்டிப்போடு, யார் பார்க்கப்போறா" என்று பக்கத்து வீட்டுத் தாத்தா யோசனை சொன்னார். கேட்டுவிடாதீர்கள், அது நடுவண் அரசு சட்டப்படி குற்றம்.

இதற்கு நடுவே தீயணைப்புத் துறையிலிருந்து ஒரு ஆய்வாளர் வந்தார். நான் மூச்சுவிடாமல் புதரைப் பற்றிப் புலம்ப, அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வீட்டுச் சுவருக்குப் போனார். கூரைத் தாழ்வாரத் துவாரங்களில் இருந்த வலைக் கண்ணில் பென்சிலை விட்டுக் காட்டினார், கால் அங்குலம். காற்றில் பறந்து வரும் தீப்பொறிதான் பெரும்பாலான வீடுகளைப் பிடிக்கிறது, அதற்கு இது திறந்த கதவு மாதிரி என்றார். கூரை விளிம்பு மழைநீர்க் கால்வாயில் பைன் சருகு, படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே ஜூனிப்பர் செடி, டெக்குக்கு (வீட்டை ஒட்டிய மரத் தளம்) அடியில் விறகு, சுவரைத் தொடும் மரவேலி என்று எழுதிக்கொண்டே போனார். கடைசியில் சமையலறை வாசலில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியில் கண் நின்றது. "சுவரிலிருந்து ஐந்து அடிக்குள் எரிகிற எதுவும் வேண்டாம். இப்போதைக்குக் கட்டாயமில்லை. ஆனால் காப்பீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள்." தொட்டி இப்போது வீட்டுக்குள். இலை கொட்டுகிறது என்று என் மனைவிக்கு இன்னும் கோபம்.

இரண்டு வார இறுதியில் எல்லாம் முடிந்தது. துவாரங்களுக்கு எட்டில் ஒரு பங்கு அங்குல உலோக வலை, வேலி சுவரைத் தொடும் இடத்தில் மட்டும் இரும்புக் கேட். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னும் பின்னும் தேதியோடு போட்டோ எடுங்கள், கைவிளக்கு அடித்து டெக்கின் அடிப்பாகத்தையும் சேர்த்து. நான் 'முன்'னை எடுக்க மறந்துவிட்டு, பழைய பிறந்தநாள் போட்டோக்களின் பின்னணியில் ஜூனிப்பரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் பழைய நிறுவனம் மனம் மாறவில்லை. ஆறு தரகர்கள், ஜிப் கோடைச் சொன்னதுமே குரல் மாறியது. கடைசியில் ஃபேர் பிளான்தான். வேறு யாரும் தராதவர்களுக்கென்று 1968இல் தொடங்கியது. தீ, மின்னல், புகை இதற்கெல்லாம் உண்டு. திருட்டு, தண்ணீர்க் குழாய் வெடிப்பு, வழுக்கி விழுந்தவர் போடும் வழக்கு இவற்றுக்குக் கிடையாது. அதற்குத் தனியாக இன்னொரு பாலிசி எடுக்க வேண்டும். இதைத் தெரியாமல் ஒன்றோடு நிறுத்தியவர்களை எனக்கே தெரியும். இரண்டும் சேர்த்து 5,700 டாலர். முன்பு கட்டியது 2,100. வலைக்கும் ஐந்தடிக்கும் கொஞ்சம் தள்ளுபடி கிடைத்தது. கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது காகிதம் கைக்கு வந்தது.

அதற்கும் பத்து நாள் கழித்துத்தான் சர்வேயர் வந்தார். வேலியைத் தாண்டிப் போய், சருகைக் காலால் தள்ளி, பித்தளைத் தொப்பி போட்ட ஒரு குழாயைக் காட்டினார். அதுதான் எல்லை அடையாளம். பழைய உரிமையாளர் கண்ணளவில் போட்ட வேலியாம், 11 அடி உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறார். போனில் அந்தப் பெண்ணிடம் நான் சத்தியம் செய்யாத குறையாக மறுத்த புதரில் 11 அடி என்னுடையதுதான்.

மிச்சத்தை வெட்ட அனுமதி கேட்டு, சர்வே படத்தை இணைத்து மஞ்சள்காரர்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். என் 11 அடியைச் சனிக்கிழமைகளில் வெட்டுகிறேன். காற்று இல்லாத நாளாகப் பார்த்து, காலை பத்து மணிக்குள் இயந்திரத்தை நிறுத்திவிடுகிறேன். கல்லில் பட்டுத் தெறிக்கும் ஒரு பொறி போதுமே.