டிவி வயர் எல்லாம் உள்ளே, பிளக் மட்டும் வெளியே

சுவரில் மாட்டிய டிவியின் வயர்களை மறைப்பது எப்படி என்று தேடினால், வருகிற காணொளிகளில் பாதி அமெரிக்க வீடுகளில் எடுத்தவை. மரச்சட்டத்தின் மேல் பலகை அடித்த சுவர், உள்ளே வெற்றிடம். மேலே ஓர் ஓட்டை, கீழே ஓர் ஓட்டை. வயரை உள்ளே விட்டால் தொபுக்கென்று கீழே வந்து விழுகிறது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டில் அந்த வித்தை நடக்காது. இங்கே சுவர் என்றால் கல்லும் சிமெண்டும்தான். வயர் உள்ளே போக வேண்டுமென்றால் சுவரை வெட்ட வேண்டும், ஊர் வழக்கில் சொன்னால் ஹேக் பண்ண வேண்டும்.

ஐம்பத்தைந்து அங்குல டிவி வாங்கி மாட்டியாயிற்று. அதிலிருந்து கரண்டு வயர், ஆஸ்ட்ரோ என்கிற டிஷ் டிவியின் டிகோடருக்குப் படமும் ஒலியும் கொண்டுவரும் எச்டிஎம்ஐ வயர் ஒன்று, யூனிஃபை என்கிற இணைய டிவிப் பெட்டிக்கு இன்னொரு எச்டிஎம்ஐ, ஏரியல் வயர், லேன் வயர் என்று எல்லாம் கீழே தொங்கின. 2019 அக்டோபரில் நாடு முழுக்க பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். புதிய டிவிகளுக்குள்ளேயே டிஜிட்டல் டியூனர் இருப்பதால், ஏரியல் வயரை நேராக டிவியில் செருகினால் மைடிவி என்கிற இலவச டிஜிட்டல் அலைவரிசைகள் வந்துவிடும். அதனால் அந்த வயரைக் கழற்றி எறியவும் மனமில்லை. பக்கத்திலேயே சாமி மேடை. “வெட்டின ஆட்டுக் குடல் மாதிரி தொங்குது, அதுவும் சாமிக்குப் பக்கத்துல” என்றார் அம்மா. அதற்குப் பிறகு தள்ளிப்போட முடியவில்லை.

எங்கள் வரிசையில் பலர் ஃபுளூட்டட் பேனல் அடித்திருக்கிறார்கள். சுவருக்கு முன்னால் கட்டை அடித்து, அதன் மேல் கோடு கோடான பலகை. வயரெல்லாம் நடுவில் உள்ள சந்தில் போய்விடும். பார்க்க ஹோட்டல் போல இருக்கும், அது வேறு விஷயம். ஆனால் இது பால்மரக் காட்டை, அதாவது ரப்பர் தோட்டத்தை, அழித்துக் கட்டிய தாமான். மண்ணுக்குள் கரையான் இன்னும் குடியிருக்கிறது. பேனல் பிளாஸ்டிக் கலவையாக இருந்தாலும் பின்னால் அடிக்கிற கட்டை மரம்தான். எனக்கு அது சரிப்படவில்லை. ஹேக் பண்ணுவதென்று முடிவு செய்தேன்.

எங்கள் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருப்பது நாலரை அங்குலச் சுவர். அதாவது ஒற்றைக் கல் வரிசை, ஏறக்குறைய 115 மில்லிமீட்டர். இதில் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. மேலிருந்து கீழாக வெட்டினால் சுவர்த் தடிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக்கூடாது, படுக்கையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்குதான் என்பது பிரிட்டிஷ் கட்டட வழிகாட்டியில் உள்ள கணக்கு. அப்படிப் பார்த்தால் எனக்குக் கிடைத்த ஆழம் 38 மில்லிமீட்டர். ஹார்ட்வேர் கடைத் தவ்கே, அதாவது முதலாளி, “ஐம்பது மில்லி பைப்பு போடு, எது வேணும்னாலும் போகும்” என்றார். போகும்தான், சுவர் தாங்க வேண்டுமே! வயரிங்குக்கு எல்லாரும் போடுகிற 20 மில்லி பைப்பில் எச்டிஎம்ஐ தலை நுழையாது. அந்தத் தலையே கிட்டத்தட்ட 20 மில்லி அகலம். 32 மில்லி பைப்பு இரண்டுக்கும் நடுவில் பொருந்தியது. வளைவே இல்லாமல் நேராக இறக்கினால் எச்டிஎம்ஐ தலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விடும். இரண்டையும் சேர்த்து இழுத்தால் மாட்டிக்கொள்ளும்.

வெட்டும் இடத்துக்கு மறுபக்கமும் பார்க்க வேண்டும். படுக்கையறைப் பக்கம் அதே நேரில் ஒரு விளக்கு சுவிட்ச் இருந்தது. சுவிட்சுக்கோ சாக்கெட்டுக்கோ வரும் வயர் வழக்கமாக அதற்கு நேர் மேலேயோ நேர் கீழேயோதான் சுவருக்குள் ஓடும். ஒல்லிச் சுவரில் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வெட்டினால் நடுவில் என்ன மிஞ்சும்? எங்கள் பைப்பை ஒரு முழம் தள்ளி வைத்தோம்.

கரண்டு வேலையை நானே தொடவில்லை. சுருஹன்ஜாயா தெனாகா என்கிற எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன் ஒருவரை அழைத்தேன். ஐம்பதைத் தாண்டியவர், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். வந்ததும் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பூச்சு விட்டுப்போன இடத்தில் ‘டொக் டொக்’ என்று வேறு சத்தம் வருகிறது. அங்கே பென்சிலால் பெருக்கல் குறி போட்டார். அந்த இடங்களில் பிராக்கெட் திருகு ஏறக்கூடாது.

டிவி வயரையே சுவருக்குள் புதைக்கலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். டிவியோடு வரும் வளையும் வயர் சுவருக்குள் சிமெண்டில் கிடப்பதற்காகச் செய்தது அல்ல. வழக்கமாக டிவிக்குப் பின்னாலேயே ஒரு சாக்கெட் வைத்து, அதற்கு நிலையான வயரிங் வயரைத் தனிப் பைப்பில் கொண்டுபோய்விடுவார்களாம். ஈப்போவில் புது வீடுகளில் எல்லாம் அப்படித்தான் என்றார்.

அதுவரை கோப்பி கலக்கிக்கொண்டிருந்த அம்மா குறுக்கே வந்தார். “இடி இடிச்சா பிளக்கை எப்படித் தம்பி பிடுங்குறது? டிவியைக் கழட்டியா?”

இதை நான் யோசிக்காமல் இல்லை, ஆனால் இவ்வளவு நறுக்கென்று கேட்கத் தெரியவில்லை. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும், அப்புறம் அக்டோபர், நவம்பரிலும் இந்தப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தால் அடிதான். அம்மா பல வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தபோது ஏரியல் வழியாக இடி இறங்கி ஒரு வீட்டு டிவி கருகியதைப் பார்த்திருக்கிறார். மேகம் கூடினால் முதலில் கொடியில் காயும் துணி, அடுத்து டிவி பிளக், அதற்கடுத்து ஆஸ்ட்ரோ வயர். இந்த வரிசை மாறாது.

“சுவிட்சை அடைச்சா போதாதாண்ணே?” என்று கேட்டேன்.

“சுவிட்சுக்குள்ள இருக்கிற இடைவெளி சில மில்லிமீட்டர்தான் தம்பி. மேகத்துலேருந்து தாண்டி வர்றவனுக்கு அது ஒரு தடையா?”

வீட்டுக்குக் கரண்டு பிரியும் டிபி பெட்டியில் ஆர்சிசிபி இருக்கிறதே என்று பலர் தைரியமாக இருப்பார்கள். அது மின்கசிவைப் பார்த்து வெட்டுகிற சாதனம். சாக்கெட்டுகளுக்குப் போடும் 30 மில்லிஆம்பியர் வகை மனித உயிருக்குக் காவல். இடியில் வரும் மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுப்பது அதன் வேலை இல்லை, அதற்கு வேறு சாதனம் உண்டு. எல்லாவற்றையும் விட பிளக்கைப் பிடுங்கி வைப்பதே மேல். ஆகவே, எதை மறைத்தாலும் அம்மாவின் கைக்குப் பிளக் எட்ட வேண்டும் என்பது எங்கள் வேலையின் சட்டமாகிவிட்டது.

வயர்மேன் சொன்ன வழி எனக்குப் பிடித்தது. டிவிக்குப் பின்னால் சாக்கெட் வரும். அதிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் தனி 20 மில்லி பைப்பில் கீழே இறங்கும். ஆனால் டிபி பெட்டிக்குப் போகாது. கேபினெட் பக்கத்தில் ஒரு பிளேட்டில் முடிந்து, அங்கிருந்து குட்டையான ஒரு வளையும் வயரும் மூன்று முனை பிளக்குமாக வெளியே வரும். ஏற்கெனவே அங்கே இருக்கும் சாக்கெட்டில் அதைச் செருகினால் மேலே கரண்டு வரும், பிடுங்கினால் மேலே உள்ள சாக்கெட் செத்துப்போகும். டிவி இழுப்பது எப்படியும் சில நூறு வாட்டுக்குள்தான். பிளக்குக்குள் 13 ஆம்பியர் பியூஸுக்குப் பதிலாக 5 ஆம்பியர் போட்டார். முடித்த பிறகு எர்த் இணைப்பை மீட்டர் வைத்துச் சோதித்தார்.

மேலே சாக்கெட் வைக்கும் இடத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. நம் ஊர் மூன்று முனை பிளக் குண்டு. சுவரோடு ஒட்டி நிற்கும் மெல்லிய பிராக்கெட் வாங்கினால் டிவிக்கும் சுவருக்கும் நடுவில் அந்தப் பிளக்கே இடிக்கும். டிவியின் முதுகும் ஒரே தடிப்பாக இருப்பதில்லை. மேல்பாதி தட்டை, கீழ்ப்பாதியில்தான் மின்னணுப் பலகைகள் இருப்பதால் புடைத்திருக்கும். டிவியைக் கட்டிலில் துணி விரித்துக் குப்புறப் போட்டு, எச்டிஎம்ஐ துளைகள் பக்கவாட்டில் இருக்கின்றனவா, பின்னால் நேராகப் பார்க்கின்றனவா என்று கவனித்து, அட்டைப்பெட்டியை வெட்டி டிவி அளவுக்கு ஒரு மாதிரி செய்தோம். பிராக்கெட், சாக்கெட், பைப்பு வாய் மூன்றையும் அதில் வரைந்து சுவரில் ஒட்டினோம். சாக்கெட், தட்டையான மேல்பாதிக்குப் பின்னால், பிராக்கெட் கம்பிக்கு வெளியே வந்தது. சாய்க்கக்கூடிய பிராக்கெட் எடுத்தேன். அதில் இடைவெளி சற்று அதிகம்.

வெட்டிய நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, தூசுதான். கிரைண்டரில் டைமண்ட் பிளேடு போட்டு இணையாக இரண்டு கோடு அறுத்து, நடுவில் உள்ளதை உளியால் தட்டி எடுத்தார். நான் வேக்கம் குழாயைப் பிளேடுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படியும் சமையலறைப் பாத்திரம் வரை செம்மண் நிறப் பொடி. சாமி படங்களை முதல் நாளே போர்த்தி வைத்தது நல்லதாகப் போயிற்று.

பூசுவதற்கு முன்னால் இரண்டு காரியம். ஒன்று, எல்லா வயரையும் பைப்பில் விட்டு, டிவியைக் கீழே வைத்தே ஓட்டிப் பார்த்தோம். சுவருக்குள் போவது என்பதால் விநாடிக்கு 48 ஜிகாபிட் தாங்கும் அல்ட்ரா ஹை ஸ்பீட் முத்திரை உள்ள எச்டிஎம்ஐ வாங்கியிருந்தேன். இருந்தும் ஒரு நைலான் கயிற்றையும் பைப்பில் விட்டிருக்கிறேன், நாளை வேறு வயர் வந்தால் இழுக்க. இரண்டு, அளவுநாடாவைச் சுவரில் ஒட்டி வைத்து வெட்டிய இடத்தைப் படம் எடுத்தேன். அதே சுவரில் ஆணி அடிக்க யாராவது வந்தால் அந்தப் படத்தைத்தான் காட்டுவேன். பிறகு பைப்புக்கு மேல் கம்பி வலை வைத்துச் சிமெண்டு பூசினார். வலை இல்லாவிட்டால் பைப்பு ஓடும் கோட்டிலேயே பூச்சு விரிந்துவிடுமாம். நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயிண்ட் அடித்தோம்.

பெட்டிகள் இரண்டும் கீழே கேபினெட்டில்தான் இருக்கின்றன. டிகோடரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பல ரிமோட்டுகளில், ரிமோட் அதன் முகத்தைப் பார்க்காவிட்டால் அலைவரிசை மாறாது, சூட்டுக்கும் காற்று வேண்டும். கீழே இருப்பதால் ஆஸ்ட்ரோ வயர் சுவரில் ஏறவே தேவையில்லாமல் போயிற்று. டிஷ்ஷிலிருந்து வரும் அந்த வயரும் இடிக்கு ஒரு வாசல்தான். அதன் முனை திருகி மாட்டுவது, அம்மாவின் விரலுக்குக் கஷ்டம். தள்ளிச் செருகும் முனை ஒன்று வாங்கி மாட்டினேன். வெளியிலிருந்து அது நுழையும் ஓட்டை வெளிப்பக்கம் சரிவாக இருக்கிறது. வயரையும் நுழைவதற்கு முன் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றியிருக்கிறோம், மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் இருக்க. ஏரியல் வயர் மட்டும் மேலே போகிறது. அதற்குக் கேபினெட்டில் ஓர் இணைப்பு வைத்து, அங்கேயே கழற்றும்படி செய்தோம்.

பைப்பின் இரண்டு வாயையும் பஞ்சு நுரையால் அடைத்தேன். இல்லாவிட்டால் எறும்பு, கரப்பான், பல்லி எல்லாவற்றுக்கும் அது நெடுஞ்சாலை.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இத்தனையும் வேண்டாம். டிவியின் நடுவிலிருந்து நேராகக் கீழே ஒரு பிவிசி டிரங்கிங், அதாவது வயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை, போதும், சுவர் நிறத்தையே அதன் மேலும் அடித்தால் கண்ணில் படாது. பழைய சுண்ணாம்புப் பூச்சில் பின்னால் உள்ள பசை நிற்பதில்லை, திருகு போட்டுவிடுங்கள். டிவியின் கரண்டு வயர் கீழ் சாக்கெட் வரை எட்டாவிட்டால் டிரங்கிங்குக்குள் ஒட்டுப் போடாதீர்கள். பல டிவிகளில் அந்த வயர் எட்டு வடிவ முனையோடு கழற்றி மாட்டுவதுதான். அதே முனையில் நீளமான வயர் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். நம் ஊர் மூன்று முனை பிளக் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.