அமிலம் பட்டால் விடும் பிடி

சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தின் உயிர்வேதியியல் பிரிவில் வேலை செய்கிறேன். சீரம் அயர்ன், அதாவது ரத்தத்தின் தெளிநீரான சீரத்தில் இருக்கும் இரும்பை அளக்கும் சோதனை, அங்கே அன்றாடப் பாடு. சீரத்தில் முதலில் அமிலக் கரைசல் சேரும், பிறகு அஸ்கார்பிக் அமிலம், கடைசியில் இரும்போடு சேர்ந்து நிறம் தரும் ஃபெரோசின். வெளிர்மஞ்சள் திரவம் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். அந்த நிறத்தின் அடர்த்தியைத்தான் கருவி எண்ணாக்கித் தருகிறது.

அமிலம் எதற்கு என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைக் கேட்பேன். "கிட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது, சார்" என்பார்கள். எனக்கோ இந்த வேலையிலேயே பிடித்த இடம் அதுதான்.

சீரத்தில் இரும்பு தனியாகத் திரிவதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைச் சுமக்கிறது. அதற்கு இரண்டு மடல்கள், மடலுக்கு ஓர் இரும்பு அயனி. இரண்டு டைரோசின், ஒரு ஹிஸ்டிடின், ஓர் அஸ்பார்டிக் அமிலம், கூடவே ஒரு கார்பனேட் அயனி என ஐந்தும் சேர்ந்து இரும்பை இறுக்குகின்றன. முதல் நான்கும் புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்கள், சங்கிலியில் ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பவை; புரதம் சரியாக மடிந்தால்தான் ஓரிடத்தில் கூடும். மடல் நண்டுக் கொடுக்குபோல மூடிக்கொள்ளும். ரத்தத்தின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது இறங்கினால் அமிலம் கூடுகிறது) 7.4 இருக்கும்வரை விடாது. செல்லுக்குள் போனதும் அதை ஏந்திய குமிழில் பிஎச் 5.5 அளவுக்கு இறங்க, கொடுக்கு திறக்கிறது. எங்கள் அமிலமும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஹீமோகுளோபினில் கதை வேறு. அங்கே இரும்பு ஹீம் வளையத்தின் நடுவில் இருக்கிறது; ஒரு ஹிஸ்டிடின் அதைப் புரதத்தோடு பிணைக்கிறது. அந்த ஹிஸ்டிடின் டைரோசினாக மாறிப் பிறந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்தச் சங்கிலியின் இரும்பு, எலக்ட்ரான் ஒன்று குறைந்த ஃபெரிக் நிலையிலேயே நின்றுவிடும், ஆக்சிஜனை ஏற்காது. ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். ஹீமோகுளோபின் எம் என்பார்கள். என் மேசைக்கு இதுவரை வந்ததில்லை.

அடிக்கடி வருவது தலசீமியா மைனர், பெற்றோரிடமிருந்து வரும் லேசான ரத்தக் குறைபாடு. "வருஷக்கணக்காக இரும்பு மாத்திரை விழுங்குகிறேன், தம்பி. ரத்தம் ஏறவே இல்லையே?" என்று ஓர் அம்மா ரிப்போர்ட்டை நீட்டினார். ஹீமோகுளோபின் குறைவு, சிவப்பணுக்கள் சிறியவை, ஆனால் சீரம் அயர்னும், உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சரியாகவே இருந்தன. இரும்புக்குக் குறைவில்லை, அதை ஏந்தும் குளோபின் சங்கிலிதான் போதிய அளவு உருவாகவில்லை என்று தோன்றியது. நோயைச் சொல்வது என் வேலை இல்லை. "இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள், அம்மா" என்றேன். ஃபெரிட்டின் பார்க்காமலே மாத்திரை எழுதுகிற பழக்கத்தின்மேல் எனக்கு நெடுநாள் கோபம்.

டாக்டர், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி சோதனை எழுதினார். ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை உயர்ந்திருந்தது; தலசீமியா மைனரின் அடையாளம் அது. அடுத்த முறை அந்த அம்மா மகளையும் அழைத்து வந்தார். கல்யாணப் பேச்சு நடக்கிறதாம். பெண்ணுக்கும் இருந்தால் மாப்பிள்ளைக்கும் பார்த்துவிட வேண்டும், இருவருக்கும் இருந்தால் குழந்தைக்குக் கடுமையாக வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.