ஒட்டாத போஸ்டர்கள்

பிரிட்டிஷ் ரயில் கம்பெனிகளின் பழைய விளம்பரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன் என்றால், இங்கிலாந்தில் பலரும் முதலில் கேட்பது ஸ்கெக்னஸ் என்ற கடற்கரை ஊருக்கான போஸ்டரைத்தான். கடற்கரையில் கைகளை விரித்துத் துள்ளும் குண்டு மீனவர். 1908-இல் கிரேட் நார்தர்ன் ரயில்வேக்காக ஜான் ஹாசல் வரைந்தது. கூலி 12 கினி (பழைய பிரிட்டிஷ் பணக் கணக்கு, ஒரு கினி ஒரு பவுனுக்குச் சற்று அதிகம்). அந்த ஊருக்கு அவர் முதன்முதலாகப் போனது 1936-இல்தானாம்!

எங்கள் இழுப்பறைகளில் இருப்பவை பெரும்பாலும் சுவரைப் பார்க்காதவை. ஒட்டியதன் மேல் அடுத்ததை ஒட்டிவிடுவார்கள், இல்லையென்றால் கிழித்துவிடுவார்கள். தப்பியது ஆபீசில் சுருட்டி வைத்த உபரிதான். லண்டன் நாட்டிங் ஹில் கேட் சுரங்க நிலையத்தில் 2010-இல் கிடைத்தது அபூர்வம்: மூடிக்கிடந்த நடைபாதையில் 1950-களின் போஸ்டர்கள் ஒட்டியபடியே இருந்தன. படமெடுத்து இணையத்தில் போட்டதால்தான் நாமும் பார்க்க முடிகிறது.

'குவாட் ராயல்' என்ற அளவிலான போஸ்டர் 50-க்கு 40 அங்குலம். அதை மேசையில் விரிக்கவே இரண்டு பேர் வேண்டும். மரக்கூழ்க் காகிதம், மடிப்பு இருந்த இடமெல்லாம் விண்டுபோயிருக்கும். போதாக்குறைக்கு யாரோ நல்லெண்ணத்தில் ஒட்டிய செலோ டேப். டேப் உதிர்ந்தாலும் அதன் பசை பழுப்புப் பட்டையாகக் காகிதத்தில் ஊறி நிற்கும். அப்புறம் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று ஒப்பிட உதவும் நிற அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பகுதி பகுதியாகப் படமெடுத்து இணைப்போம். கேட்பவர்கள் ஓவியத்தை மட்டும் வெட்டித் தரச் சொல்வார்கள். நான் தருவதில்லை. எந்த அச்சகம், எந்தக் கம்பெனி என்று சொல்வது கீழே இருக்கும் அந்தப் பொடி எழுத்து வரிதான்.

பகிர்வதில் பெரிய தலைவலி பதிப்புரிமை. பிரிட்டனில் ஓவியர் இறந்த ஆண்டு முடிந்து 70 ஆண்டுகள் கழிய வேண்டும். ஹாசல் 1948-இல் காலமானார். 2019 முதல் தடையில்லை. எல்.எம்.எஸ். (லண்டன், மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ்) ரயில்வேக்கு 1920-களில் வரைந்த நார்மன் வில்கின்சன் 1971 வரை வாழ்ந்தார். அவர் படங்களுக்கு 2041 முடிய வேண்டும். வேறென்ன, காத்திருக்க வேண்டியதுதான்.

எனக்குப் பிடித்தவை யாரும் கேட்காத உல்லாசப் பயண நோட்டீஸ்கள். படம் கிடையாது. ஊர், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், மூன்றாம் வகுப்புக் கட்டணம், அவ்வளவுதான். ஆனால் ஆலைத் தொழிலாளி குடும்பத்தோடு கடலைப் பார்த்துவர எவ்வளவு செலவழித்தார், வீடு திரும்ப எத்தனை மணி ஆகியிருக்கும் என்பதை இவைதான் சொல்லும். ஓவியப் போஸ்டரில் எப்போதும் வெயில்தான், விலை தெரியாது.

அடுத்த ஸ்கேன் வரிசையில் இவற்றைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். "இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?" என்றார் மேலாளர். சரி, வரலாற்றைப் பேசிப் பயனில்லை. ஒரு குவாட் ராயலுக்கு ஆகும் நேரத்தில் ஒரு கட்டு நோட்டீஸை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.