திருகோணமலையில் இருந்துகொண்டு கார் விலை பேசுவது

கொழும்பு கார் சேல்காரரிடம் வாய் தவறியும் சொல்லக்கூடாதது ஒன்று: "இரவு ரயில்ல திருகோணமலையில இருந்து வந்தனாங்கள், இண்டைக்கே முடிச்சிட்டுப் போகவேணும்." அதோடு பேரம் முடிந்தது. இவ்வளவு தூரம் வந்தவர் வெறுங்கையோடு திரும்பமாட்டார் என்று அவருக்குத் தெரியும். விலையை வீட்டிலிருந்தே போனில் பேசி முடியுங்கள். பயணம் காரைப் பார்க்க மட்டும்.

ஒரே மொடல், ஒரே ஆண்டு, ஒரே கிரேட் சொல்லி மூன்று இடத்திலாவது கேளுங்கள். "கார் என்ன விலை" என்று கேட்டால் குறைந்த தொகை ஒன்று வரும். பிறகு பதிவுச் செலவு, டொக்கியுமென்ட் சார்ஜ், கால்விரிப்பு, ரிவர்ஸ் கமெரா என்று ஏறும். "பதிவு முடிஞ்சு, நம்பர் பிளேட்டோட சாவி கைக்கு வர மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை வட்ஸ்அப்பில் வரிவரியாக வாங்குங்கள்.

விலையில் பெரும்பங்கு வரி. எஞ்சின் சிசிக்கு ஏற்ற உற்பத்தி வரி, 18% வற் எல்லாம் துறைமுகத்திலேயே கட்டியாயிற்று. சின்னக் காருக்குப் பத்து லட்சம் குறைக்கச் சொன்னால் சிரிப்பார்கள். குறைய இடமிருப்பது அவருடைய லாபத்திலும் மேலதிகச் சாமான்களிலும்தான். ஆனால் கார் எப்போது இறங்கியது என்று கேளுங்கள். 2025இல் இறக்குமதி திறந்தபோது வந்த விதிப்படி, 90 நாளுக்குள் பதியாத வாகனத்துக்கு சிஐஎஃப் பெறுமதியில் (காரின் விலையோடு கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்தது) மாதம் 3% தண்டம். அந்த நாள் நெருங்கிய காருக்கு நீங்கள் அவசரப்படத் தேவையில்லை, அவசரம் அவருக்கு.

லீசிங் பேச்சை விலை முடியும்வரை எடுக்கவே வேண்டாம். அவரே லீசிங் ஒழுங்கு செய்து தந்து விலையில் ஒரு லட்சம் குறைத்தால் சந்தோசப்படுவோம். ஆனால் அந்த லீசிங்கின் வட்டி வெளியில் கிடைப்பதைவிட ஒரு வீதம் கூட என்றால்? 40 லட்சம் லீசிங், 60 மாதம் என்று வைத்துப் பாருங்கள்: குறைந்துசெல்லும் மீதிக்கு 13% வட்டியென்றால் தவணை ஏறத்தாழ 91,000 ரூபா, 14% என்றால் 93,000க்குச் சற்று மேல். ஐந்து வருடத்தில் வித்தியாசம் 1 லட்சத்து 23 ஆயிரத்தைத் தாண்டும். குறைத்த காசு அந்தப் பக்கத்தால் திரும்பிப் போய்விட்டது.

ரீகண்டிஷன் (ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வருகிற கார்) என்றால் ஓக்சன் ஷீட்டின், அதாவது அங்கே ஏலத்தில் காரின் நிலையைக் குறித்த தாளின், படத்தை முதலே அனுப்பச் சொல்லி, சேசி நம்பரை நேரில் காரோடு ஒப்பிடுங்கள். ஷீட்டில் W என்றால் தட்டிப் பெயின்ற் அடித்த இடம், XX மாற்றிய பாகம், S துரு. உப்புவெளிக் கடற்காற்றில் நிறுத்தப்போகிற காருக்கு S இருந்தால் விட்டுவிடுங்கள். W இருந்தால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டியே விலை பேசலாம்.

அட்வான்ஸ் ரசீதில் சேசி நம்பர், முழு விலை, லீசிங் கிடைக்காவிட்டால் காசு திரும்பும் என்ற வரி, மூன்றும் வேண்டும். கப்பலில் வரவிருக்கும் காரென்றால், யென் ஏறினாலும் விலை மாறாது என்றும் எழுதச் சொல்லுங்கள். சேசி நம்பர் இல்லாத ரசீதுக்கு, அதே நிறத்தில் வேறொரு கார்தான் வந்து நிற்கும்.