5 நிமிடம் 24 செக்கன்

ஐஸ் தரை எதையும் நான் நேரில் பார்த்ததில்லை. நுவரெலியாப் பக்கம் தை, மாசியில் துகள் உறைபனி விழுந்தால் விடியற்காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெளுத்திருக்கும், கொழுந்து கருகிப்போகும், எங்களுக்குத் தெரிந்த ஐஸ் அவ்வளவுதான். அப்படியிருந்தும் 2022 பெப்ரவரியில், ஹட்டன் பக்கத்தில் நான் விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் பாடசாலையின் ஆசிரியர் அறையில் ஒரு வாரம் முழுக்க ஃபிகர் ஸ்கேட்டிங் பற்றித்தான் பேச்சு.

காரணம் கமிலா வலியேவா. ரஷ்யப் பிள்ளை, 15 வயது. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் குழுப் போட்டி முடிந்த மறுநாள்தான் விஷயம் வந்தது: டிசம்பர் 25ஆம் திகதி கொடுத்த மாதிரியில் டிரைமெட்டாசிடின் இருந்திருக்கிறது. நெஞ்சுவலிக்காரர்களுக்குக் கொடுக்கிற மருந்து. விளையாட்டு நடுவர் மன்றம் அவள் 16 வயதுக்குக் குறைந்த 'பாதுகாக்கப்பட்டவர்' என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, தனிநபர் போட்டியில் ஆடலாம் என்று விட்டுவிட்டது. பிள்ளையைப் பாதுகாக்க எழுதின விதிதான் அந்த இரவு அவளை அத்தனை கெமராவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. விழுந்தாள், எழும்பினாள், திரும்ப விழுந்தாள். முதலிடத்தில் இருந்தவள் நாலாவதாகப் போனாள். வெளியே வந்ததும் பயிற்சியாளர் கேட்ட முதல் கேள்வி, ஏன் போராட்டத்தை விட்டாய் என்பது.

அந்தக் காட்சியை இடைவேளையில் கணித சேரின் போனில் பார்த்தோம். பிளேன்டீ ஆறிப்போனது. "இந்த வயசுப் பிள்ளைகளைப் பெரியவங்க போட்டியில விடுறதே பிழை" என்றார் சேர். நடன டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. பத்து வயதில் அரங்கேறின பிள்ளைகளை எனக்குத் தெரியும், திறமை இருக்கிற பிள்ளையைக் கட்டி வைக்கச் சொல்கிறீர்களா என்றார். விஞ்ஞான டீச்சர் கரும்பலகையில் படம் கீறாத குறையாக விளக்கினார். நாலு சுற்றுத் தாவலுக்கு அந்தரத்தில் கிடைப்பது ஒரு செக்கனும் இல்லை, அதற்குள் நாலு தரம் சுழல வேண்டுமென்றால் உடம்பு ஒடுங்கி, இடுப்புச் சிறுத்து, எடை அச்சுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், பிள்ளை பெரியவளாகி இடுப்பும் நெஞ்சும் விரிந்தால் அதே பலத்துக்கு அதே சுழற்சி வராது. "அதாவது அவங்களுக்குத் தேவை பிள்ளை இல்ல, பிள்ளையின் உடம்பு. அதுவும் ரெண்டு மூணு வருஷத்துக்கு மட்டும்."

நான் ஒன்றும் பேசவில்லை. அதிபர் எட்டிப் பார்த்து, ஒன்பதாம் வகுப்பில் ஏன் இத்தனை சத்தம், யாருடைய பாடம் என்று கேட்டார். என்னுடையதுதான்.

உண்மையைச் சொன்னால் என் வேலையில் வயதெல்லை என்றால் எப்போதும் மேல் எல்லைதான். 16 வயதுக்குக் கீழ் என்ற பிரிவில் 17 வயதுப் பிள்ளையை ஓட விடுகிறார்களா என்று பார்க்கிறதுதான் வலய மட்டப் போட்டியில் எங்களுடைய பெரிய துப்பறிதல். பிறப்புச் சான்றிதழை லெமினேட் பண்ணிக் கொண்டுவருவார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். தோட்டப் பிள்ளைகளில் சிலருக்கு இன்றைக்கும் உத்தேச வயதுச் சான்றிதழ்தான், பிறந்த திகதியைக் கேட்டால் "அந்தப் பெரிய மழை வருஷம்" என்று பாட்டி சொல்லுவாள். எதிராளி ஆசிரியர் சந்தேகத்தோடு பல்லைப் பார்க்கிறதும் உண்டு, மாட்டுச் சந்தை மாதிரி. ஆனால் வயது குறைந்த பிள்ளை மேல் பிரிவில் ஓடினால் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. கைதட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன், தட்ட வைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம். தோட்டத்தின் மேல்கணக்கு, அதாவது மேற்பிரிவிலிருந்து நடந்து வருகிற பிள்ளை, றப்பர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏற்றம் ஏறுவாள், தேய்ந்துவிடும் என்று. அம்மா குவைத்தில் வீட்டு வேலை, அப்பம்மாதான் வளர்த்தது. 13 வயதில் 1500 மீற்றர் ஓட வைத்தேன், அவளைவிட மூன்று வயது கூடின பிள்ளைகளோடு. வெறுங்கால்தான். சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன், கால் கட்டின மாதிரி இருக்கு டீச்சர் என்று கழற்றி எறிந்துவிட்டாள். 5 நிமிடம் 24 செக்கன். வலயத்தில் முதலிடம். பாடசாலைக்கு அப்படியொரு கேடயம் வந்து எத்தனையோ வருடம். அதிபர் கேடயத்தைத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டார்.

என்னிடம் ஒரு சி.ஆர். கொப்பி, கெட்டி அட்டை போட்டது, இருக்கிறது, எல்லாப் பிள்ளைகளின் நேரமும் அதில்தான். அடுத்த வருடம் அவளுடைய பக்கத்தில் 5.33 வருகிறது, பிறகு 5.38, பிறகு 5.41. அந்த வருடம்தான் பிள்ளை பெரியவளானாள். சடங்கு வீட்டுக்குப் போய்ப் புட்டும் களியும் சாப்பிட்டுவிட்டு வந்தவள் நான்தான், ஆனால் சடங்குக்கும் 5.41க்கும் தொடர்பு இருக்கிறது என்று மூளைக்கு எட்டவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். கணுக்காலுக்கு மேலே முன் எலும்பு வலிக்கிறது என்றாள், சித்தாலேப பூசிக்கொண்டு ஓடு என்றேன். ஒருநாள் மைதானத்தில் மற்றப் பிள்ளைகள் நிற்கும்போது, "கொஞ்சம் சோத்தைக் குறை, எல்லாம் சரியாகும்" என்றேன்.

அது ஒரு வசனம்தான். அடுத்த கிழமையிலிருந்து காலையில் அவள் கொண்டுவருகிற ரொட்டியைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடும்போது மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் எலும்பில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு என்றார்கள். அதன் பிறகு அவள் ஓட வரவில்லை, நான் கூப்பிடவும் இல்லை, வெட்கம்.

இதை வைத்துக்கொண்டு நான் வலியேவாவின் பயிற்சியாளரை எப்படித் திட்டுவது? அவர் எதெரி துத்பெரிட்ஸே, உலகத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்த பெயர். அவரிடம் பழகின யூலியா லிப்னிட்ஸ்கயா 2014இல் 15 வயதில் குழுத் தங்கம் வாங்கி, சாப்பிடாத நோய்க்கு வைத்தியம் செய்துகொண்டு 19 வயதில் விலகினாள். அலினா ஸகிடோவா 2018இல் 15 வயதில் தங்கம், 17இல் போட்டியை நிறுத்திவிட்டாள். அவருக்குக் கீழே அடுத்த பிள்ளை எப்போதும் தயாராக இருந்தது. என்னிடமும் ஏழாம் வகுப்பில் அடுத்த பிள்ளை இருந்தாள், அதுதான் விஷயம். 

அந்த வருடம் ஜூனில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் தாய்லாந்து புக்கெட்டில் கூடி வாக்கெடுத்தது. நூறு பேர் ஆதரவு, 16 பேர் எதிர்ப்பு. பெரியவர்கள் போட்டிக்கு 15ஆக இருந்த ஆகக்குறைந்த வயதெல்லை ஒரு பருவத்துக்கு 16, அதன் பிறகு 2024-25 பருவத்திலிருந்து 17. ஜூலை முதலாம் திகதிக்கு முன் வயது நிறைந்திருக்க வேண்டும். எங்களுக்கு அப்போது பெற்றோலும் இல்லை, பாடசாலையும் ஒழுங்காக இல்லை, வட்ஸ்அப்பில்தான் சண்டை பிடித்தோம். கணித சேர் கணக்கில் புலி, உடனே போட்டுக் காட்டினார்: இந்த விதி பெய்ஜிங்கில் இருந்திருந்தால் வலியேவா வந்திருக்க மாட்டாள், சரி. ஆனால் ஐந்து நாலு சுற்றுத் தாவல் தாவியும் வெள்ளிதான் என்று, இந்த விளையாட்டையே வெறுக்கிறேன் என்று கத்தி அழுத துருசோவா? அவளுக்கும் தங்கம் வாங்கின ஷெர்பகோவாவுக்கும் அந்த ஜூலைக்கு முன்னமே 17 நிறைந்திருந்தது. "அப்ப வயசு மட்டும் இல்ல பிரச்சினை" என்று எழுதினார், ஆதரவாகப் பேசின அதே மனிதர்.

இன்னொன்றையும் அவர்தான் பிடித்தார். அதே ஜூனில் நம்முடைய அமைச்சரவை வீட்டு வேலைக்கு வெளிநாடு போகும் பெண்களின் ஆகக்குறைந்த வயதை 21 ஆக இறக்கியது. மூதூர் றிசானா நஃபீக்கை 2013இல் சவூதியில் தலை வெட்டின பிறகுதான் அது 23, சவூதிக்கு 25 என்று ஏற்றப்பட்டிருந்தது. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதி 17 வயதில் அனுப்பப்பட்ட பிள்ளை அது. 2022இல் டொலர் இல்லை, ஆகவே எல்லை இறங்கியது. புக்கெட்டில் ஏறுகிறது, கொழும்பில் இறங்குகிறது. அங்கே வெட்கம், இங்கே பணம். இரண்டு இடத்திலும் அந்தப் பிள்ளைகளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாக நான் வாசிக்கவில்லை.

எல்லை வைத்தால் பயிற்சி நிற்குமா என்று நடன டீச்சர் கேட்டது நியாயமான கேள்வி. நிற்காது. கனிஷ்ட பிரிவில் 13 வயதிலேயே போட்டி உண்டு, அங்கேயும் நாலு சுற்றுத் தாவுகிறார்கள். ஜப்பானில் மாவோ ஷிமாடா என்று ஒரு பிள்ளை, 2023, 24, 25 மூன்று வருடமும் கனிஷ்ட உலகச் சம்பியன், பிறந்தது 2008 ஒக்டோபர் 30, நாலு மாதப் பிந்தலால் 2026 ஒலிம்பிக்குக்குப் போக முடியாமல் போனது. அதே நாட்டு மாவோ அசாடாவுக்கு 2006இலும் இதே கதை, 87 நாள் குறைவு. அந்த முறை தங்கம் வாங்கின ஷிசுகா அரகாவாவுக்கு 24 வயது. அமெரிக்காவின் அலிசா லியூ பெய்ஜிங்குக்குப் பிறகு 16 வயதில் போதும் என்று விட்டுப்போய், இரண்டு வருடம் சாதாரணப் பிள்ளையாக இருந்துவிட்டு, தானாகத் திரும்பி வந்து 2025இல் பொஸ்டனில் உலகச் சம்பியன் ஆனாள். விஞ்ஞான டீச்சர் சொன்ன ரெண்டு மூணு வருஷக் கணக்கு அங்கே பொய்த்தது, அவருக்கே சந்தோஷம்.

நான் இப்போது எல்லையின் பக்கம். பிள்ளைக்காக என்று சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு அவசரமே இல்லை, 13 வயதுப் பிள்ளைக்கு 20 வயது என்பது கிழவி. அவசரம் எனக்கு இருந்தது, அதிபருக்கு இருந்தது, இடமாற்றம் வருவதற்குள் ஒரு மாகாணப் பதக்கம் என்று. பிள்ளை 17 வயது வரை தாக்குப்பிடித்தால்தான் எனக்குப் பெயர் என்று ஒருவன் எழுதி வைத்திருந்தால் அந்த எலும்பு வலிக்கு நான் சித்தாலேப சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். நல்ல மனசு காரணமாக இருக்காது, கணக்குத்தான்.

அவளைப் போன வருடம் ஹட்டன் பஸ் நிலையத்தில் கண்டேன். புடவைக்கடையில் வேலை, நல்லா உடம்பு போட்டிருந்தாள். "டீச்சர், அந்தக் கொப்பி இன்னும் இருக்கா?" என்றாள். இருக்கு என்றேன். பஸ் வந்துவிட்டது.

இந்த வருடம் பெயர்ப்பட்டியலில் 1500 மீற்றருக்கு நேரே கோடு போட்டு அனுப்பினேன். ஏன் டீச்சர், ஆள் இல்லையா என்று வலயத்திலிருந்து கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆள் இருக்கு, வயசு இல்லை என்றேன், பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். ஓடக்கூடிய புதுப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள்; விதி அவளைத் தடுக்கவில்லை, நான்தான் தடுத்தேன். அவளுக்கு 12 வயது, என்னிடம் பேசுவதில்லை. பாடசாலை விட்டதும் ஆசிரியர் அறை யன்னலுக்கு நேரே, புத்தகப் பையோடு, வேண்டுமென்றே ஓடிப்போகிறாள். நல்ல ஓட்டம். கையில் மணிக்கூடு இருக்கிறது, பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.